பி.எம்.ஐ. 24 என்று ரிப்போர்ட்டில் வந்தால்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் உயரம், எடை, அதற்கடுத்து பி.எம்.ஐ. என்று ஓர் எண் இருக்கும்; உயரத்துக்கு எடை பொருத்தமா என்று காட்டும் குறியீடு அது. 24.1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லேப் அதன் பக்கத்தில் ‘நார்மல்’ என்று அச்சடித்துக் கொடுக்கும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் இன்னொரு லேப் அதே 24.1-க்கு ‘ஓவர்வெயிட்’ என்று போடும். இரண்டுமே தவறில்லை. முதல் லேப் 25-ஐ எல்லையாகக் கொண்ட உலக அட்டவணையை வைத்திருக்கிறது. இரண்டாவது, 23-ஐ எல்லையாகக் கொண்ட இந்திய அட்டவணையை. எண் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. நம் ஊரில் அதிகம் பேர் ஏமாந்துபோகும் இடமும் இந்த இரண்டு எண் இடைவெளிதான்.

முதலில் கணக்கு. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொள்ள வேண்டும். எடையை உயரத்தால் வகுத்து, வந்த விடையை இன்னொரு முறை உயரத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. 165 செ.மீ. உயரமும் 68 கிலோ எடையும் உள்ளவருக்கு, 68-ஐ 1.65-ஆல் வகுத்தால் 41.2. அதை மறுபடி 1.65-ஆல் வகுத்தால் 25-க்கு ஒரு மயிரிழை குறைவு. இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் பயனுண்டு: 1.65-ஐ 1.65-ஆல் பெருக்கி, அதை 23-ஆல் பெருக்கினால் 62.6. அதாவது இந்த உயரக்காரருக்கு இந்திய எல்லை 62.6 கிலோ, உலக எல்லை 68 கிலோ. இடையில் ஐந்தரைக் கிலோ. 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அதே எல்லைகள் 55.3 கிலோவும் 60 கிலோவும்.

கணக்கு சுலபம். உள்ளே போடும் எண்கள்தான் கெட்டுப்போகின்றன. எடையில் இரண்டு கிலோ தப்பினால் விடை சற்றுதான் நகரும். உயரம் இருமுறை வகுக்கப்படுவதால் அதில் வரும் பிழை இரட்டிப்பாகும். 58 கிலோ எடையுள்ள ஒருவரின் உண்மையான உயரம் 155 செ.மீ. என்றால் பி.எம்.ஐ. 24.1. அவர் வாய்க்கு வந்தபடி ‘160’ என்று சொல்லி, நர்ஸும் அப்படியே எழுதிக்கொண்டால் 22.7. கோட்டுக்கு மேலே இருந்தவர் பேச்சிலேயே கோட்டுக்குக் கீழே வந்துவிட்டார்.

இதைவிட மோசமான பிழை, அடி அங்குலத்தைத் தசமப் புள்ளியாகத் தட்டுவது. ஐந்தடி பதினோரு அங்குலம் என்பதை 5.11 என்று செல்போன் ஆப்பில் போட்டால், அது 5.11 அடி என்று எடுத்துக்கொண்டு 156 செ.மீ. ஆக்கிவிடும். உண்மையில் அவர் 180 செ.மீ. 75 கிலோ எடைக்கு 23 என்று வரவேண்டிய பி.எம்.ஐ. 30.9 என்று வந்து நிற்கும். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் மொத்தத்தையும் அங்குலமாக்கி 2.54-ஆல் பெருக்குவதே வழி. 71 அங்குலம் என்றால் 180.3 செ.மீ.

உயரத்தை வீட்டிலேயே எடுக்கலாம். செருப்பு, சாக்ஸ் கழற்றி, அடியில் ஸ்கர்ட்டிங் பட்டி துருத்தாத நேரான சுவரில் குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் படும்படி நிற்க வேண்டும். கொண்டையும் தலையில் வைத்த பூவும் அளவுகோலைத் தூக்கிவிடும். பின்னலை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வது நல்லது. பார்வை நேர் எதிரே இருக்கட்டும், மோவாய் மேலே தூக்காமல். இன்னொருவர் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாக ஒட்டி, உச்சந்தலையில் படும்வரை இறக்கி, பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தால் போதும். காலையில் எடுத்த உயரத்தைவிட மாலையில் எடுத்தது ஏறக்குறைய ஒரு செ.மீ. குறைவாக வரும்; முதுகெலும்பின் வட்டுகள் நாள் முழுக்க அமுங்குவதால் அப்படி.

எடை மெஷினை மொசைக்கிலோ டைல்ஸிலோ வைக்க வேண்டும். பாய், கார்ப்பெட் மேல் வைத்தால் அளவு மாறும். காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, காபிக்கு முன் எடுக்கும் எடைதான் ஒப்பிடத் தக்கது. ஊறுகாயும் கருவாடும் அப்பளமுமாகச் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடியிருந்தால் அது பெரும்பாலும் உப்பு பிடித்து வைத்த தண்ணீர்.

இனி, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே ஒரு வானியலாளர், புள்ளியியலாளர். மருத்துவர் அல்லர். 1830-களில் அவர் தேடியது சராசரி மனிதனின் அளவுகளை. வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று கண்டார். நோயைப் பற்றி அவர் பேசவே இல்லை. அதன்பின் நீண்ட காலம் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் உயர-எடை அட்டவணைகள்தான் புழக்கத்தில் இருந்தன. 1972-இல் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்சல் கீஸும் அவருடைய சகாக்களும் ஐந்து நாடுகளின் ஆண்களை அளந்து, பல சூத்திரங்களை ஒப்பிட்டு, கெட்லேயின் சூத்திரமே மேல் என்று தேர்ந்தெடுத்து, பி.எம்.ஐ. என்ற பெயரையும் வைத்தார்கள். அந்த ஆய்வில் பெண்களே இல்லை, இந்தியாவும் இல்லை. கூட்டமாக மக்களை எடைபோட்டுப் பார்க்க எளிய கருவி என்பதே அதன் தகுதி. அது தனி மனிதரின் ரிப்போர்ட்டில் ஏறி உட்கார்ந்தது பிற்பாடு.

18.5-க்குக் கீழே குறைவு, 25 முதல் அதிகம், 30 முதல் உடல் பருமன் என்ற கோடுகளும் வானத்திலிருந்து விழவில்லை. அமெரிக்காவில் 1998 வரை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்பதே எல்லை. அதை 25 ஆக்கியதும் கோடிக்கணக்கானோர் ஒரு கிராம்கூடக் கூடாமலே ‘ஓவர்வெயிட்’ ஆனார்கள். கோடு என்பது ஆபத்து மெல்ல மெல்ல ஏறும் ஒரு சரிவில் நிர்வாக வசதிக்காக அடித்த முளை. 22.9-இல் பத்திரம், 23.1-இல் பேராபத்து என்று உடம்பு கணக்குப் போடுவதில்லை.

அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் 23? 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. இருவரும் பார்க்க மெலிந்தவர்கள். ஸ்கேன் எடுத்ததில் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஒரே எண், உள்ளே இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். யுட்கின் நன்றாக ஓடக்கூடியவர் என்பதும் இதில் சேர்த்தி, ஆனால் கதை அதோடு முடியவில்லை. புனேக்கு அருகே கிராமங்களில் யாக்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. இந்தியக் குழந்தைக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன, தோள்பட்டைக்குக் கீழே உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லிக் குண்டு என்று சொல்லத்தக்க இந்த உடல்வாகு பிறவியிலேயே தொடங்கிவிடுகிறது.

இது ஏன் கெடுதல்? தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும். தெற்காசியர்களுக்கு அந்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. பீரோ நிறைந்தபின் துணி நாற்காலியில் ஏறுவதுபோல, மிஞ்சுவது கல்லீரலிலும் கணையத்திலும் குடலைச் சுற்றியும் போய்ச் சேர்கிறது. அங்கே அது சும்மா இருப்பதில்லை. இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் கேட்காதபடி செய்கிறது. இன்னொரு பக்கம், சாப்பிட்ட சோற்றிலிருந்து வரும் சர்க்கரையில் பெரும்பங்கை உள்வாங்க வேண்டியது தசை. அதுவே குறைவு என்றால் சர்க்கரை ரத்தத்தில்தான் சுற்றும். கை, கால் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருப்பவருக்கு நாற்பது வயதில் சுகர் வருவதற்கு இதைவிட நுட்பமான விளக்கம் வேண்டியதில்லை.

பிரிட்டனில் பல இனத்தவரைப் பின்தொடர்ந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு எண் கொடுத்தது. வெள்ளையருக்கு பி.எம்.ஐ. 30-இல் இருக்கும் சர்க்கரை நோய் ஆபத்து, தெற்காசியருக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2004-இல் ஆசியர்களுக்கென 23, 27.5 என்ற கூடுதல் புள்ளிகளைக் குறித்தது. இந்திய மருத்துவர்களின் 2009 ஒருமித்த அறிக்கை 23 முதல் அதிக எடை, 25 முதல் பருமன் என்று வைத்தது. அரசின் கணக்கெடுப்போ இன்னும் 25-ஐத்தான் எண்ணுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அந்த 25-ஐத் தாண்டியவர்கள். 23 என்று எண்ணினால் எவ்வளவு வரும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஆகவே 23-க்கும் 25-க்கும் இடையில் இருப்பவர் செய்ய வேண்டியது, எண்ணைப் பார்த்துப் பதறுவதோ நிம்மதி அடைவதோ அல்ல, ஒரு இஞ்சு டேப்பை எடுப்பது.

‘என் பேன்ட் சைஸ் பத்து வருஷமா 34-தான்’ என்பார்கள் ஆண்கள். அது உண்மைதான், பேன்ட் ஒவ்வொரு வருஷமும் தொப்பைக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருக்கும். பேன்ட் நிற்கும் இடத்தில் அளப்பது இடுப்புச் சுற்றளவே அல்ல. சரியான இடம் இது: விலாப் பக்கத்தில் கைவைத்து, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பைத் தேடுங்கள். பிறகு இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி, இரு பக்கமும். அந்தப் புள்ளிகள் வழியாக டேப் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும்; முதுகுப்பக்கம் டேப் இறங்கிவிடுவது வழக்கமான பிழை, கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். சட்டை, சேலைக்கொசுவம் எதன் மேலும் கூடாது. வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சு விட்டு முடியும் நொடியில் அளவைப் படிக்க வேண்டும். டேப் தோலில் படலாம், அழுத்தக் கூடாது. இரண்டு முறை எடுத்து ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்னொரு முறை. தொப்புளை அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. வயிறு பெருத்தவர்களுக்குத் தொப்புள் கீழே இறங்கிவிடுவதால் அது நம்பத் தக்கதல்ல.

நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. இதை நினைவில் வைப்பது சிரமம் என்றால் இன்னொரு வழி: இடுப்பு, உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022 முதல் இதைப் பரிந்துரைக்கிறது. 160 செ.மீ. உயரத்துக்கு 80. டேப் இல்லாவிட்டால் உயரத்தின் அளவுக்கு ஒரு கயிறை வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பார்த்தால் முனைகள் தொட வேண்டும்.

சென்னையில் உருவான ஒரு மதிப்பெண் முறை இங்கே கைகொடுக்கும். சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை, டாக்டர் வி. மோகன் தலைமையில் நகர மக்களிடம் நடத்திய பெரிய ஆய்விலிருந்து 2005-இல் இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்ணை வெளியிட்டது. நான்கே கேள்விகள். வயது 35-க்குக் கீழே பூஜ்யம், 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்பு, ஆணுக்கு 90-க்குக் கீழ் பூஜ்யம், 99 வரை 10, நூறிலிருந்து 20; பெண்ணுக்கு இதே படிகள் 80, 90-இல். உடற்பயிற்சியும் உடலுழைப்பு வேலையும் இரண்டும் உண்டென்றால் பூஜ்யம், ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60 தொட்டால் அதிக ஆபத்து.

42 வயது ஆண் ஒருவர்: இடுப்பு 94 செ.மீ., நாள் முழுக்க உட்கார்ந்து வேலை, அம்மாவுக்குச் சர்க்கரை. 20, 10, 30, 10 என்று 70 வந்துவிட்டது. அவருடைய பி.எம்.ஐ. 24.1-ஆக இருந்து ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் சொல்லியிருக்கலாம். இந்த மதிப்பெண்ணில் பி.எம்.ஐ. ஒரு கேள்வியாகவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

70 வந்தவர் அடுத்துப் பார்க்க வேண்டியவை ரத்தத்தில். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐத் தாண்டுகிறதா, ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டுகிறதா, நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழே இருக்கிறதா, ரத்த அழுத்தம் 130/85-ஐத் தொடுகிறதா. இவற்றோடு இடுப்பையும் சேர்த்து ஐந்தில் மூன்று மாட்டினால் அதற்கு வளர்சிதை மாற்றக் கோளாறு என்று பெயர். பி.எம்.ஐ. 23-ஆக இருந்து இந்த ஐந்தில் மூன்று உள்ளவர், 27-ஆக இருந்து ஒன்றும் இல்லாதவரைவிட அவசரமாக டாக்டரைப் பார்க்க வேண்டியவர். ஜிம்மிலும் மருந்துக்கடையிலும் வைத்திருக்கும், ‘உங்கள் உடல் வயது 51’ என்று சீட்டு துப்பும் மெஷினுக்குப் பணம் கொடுப்பதைவிட இந்தச் சோதனைகளுக்குக் கொடுப்பது உருப்படி. அந்த மெஷின் உடம்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, நீரின் அளவைக் கொண்டு கொழுப்பை ஊகிக்கிறது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாலும், வியர்க்க ஓடிவிட்டுப் போய் ஏறினாலும் ஊகம் மாறும். பாதம் மட்டும் வைக்கும் மாடல் பெரும்பாலும் காலைத்தான் அளக்கிறது, தொப்பையை அல்ல.

பி.எம்.ஐ.யை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதவர்கள் சிலர் உண்டு. பளு தூக்குபவர், கபடி வீரர் போன்றோருக்குத் தசையே எண்ணை ஏற்றிவிடும். ஆனால் ‘எனக்கு மசில் வெயிட்’ என்று சொல்பவர்களில் பலருக்கு டேப் வேறு கதை சொல்லும். கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பத்துக்கு முந்தைய எடையை வைத்தே கணக்கு. கால் வீக்கம், வயிற்றில் நீர், டயாலிசிஸ் உள்ளவர்களிடம் அது தண்ணீரையும் சேர்த்து எடைபோடுகிறது. குழந்தைகளுக்கு இந்த 23, 25 எதுவும் செல்லாது: ஐந்து வயதுப் பையனுக்கு 15 என்பது சரியான எண்ணே. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளைகோட்டில் குறித்துப் பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 அட்டவணை இருக்கிறது.

முதியவர்கள் தனி. எழுபது வயதில் உயரம் சில செ.மீ. குறைந்திருக்கும், அதனால் எடை கூடாமலே எண் ஏறும். தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு வந்தால் எண் மாறாது, உடம்பு மாறிவிடும். அவர்களிடம் எண்ணைவிடப் போக்கைப் பார்க்க வேண்டும். முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருஷத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு இறங்கினால், ‘அப்பா நல்லா ஸ்லிம் ஆயிட்டார்’ என்று சந்தோஷப்படாமல் காரணம் தேட வேண்டும். சுகர், தைராய்டு, காசநோய், புற்றுநோய், மன அழுத்தம், பல் போனதால் மெல்ல முடியாமை எதுவாகவும் இருக்கலாம்.

எடை குறையவில்லையே என்று நடைப்பயிற்சியை நிறுத்துபவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை எல்லையில் இருந்தவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒன்றும் செய்யாத குழுவில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். அந்தக் குழுவின் எடை சொல்லும்படி குறையவே இல்லை. பி.எம்.ஐ. இருந்த இடத்தில் இருக்க, நோய் மட்டும் குறைந்தது.

இத்தனையும் சொன்னபின் இந்த எண்ணைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், கூடாது. மேல் பக்கத்தில் குழப்பும் அதே எண், கீழ்ப் பக்கத்தில் கறாராக வேலை செய்கிறது. 18.5-க்குக் கீழே மெலிவு, 17-க்குக் கீழே நடுத்தர மெலிவு, 16-க்குக் கீழே கடுமையான மெலிவு. அங்கே தசையா கொழுப்பா என்ற விவாதத்துக்கு இடமில்லை, இரண்டுமே இல்லை.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைப் பயன்படுத்துகிறது. நோய் உறுதியானவுடன் எக்ஸ்ரேக்கும் லேப் ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல், ஆரம்பச் சுகாதார நிலைய ஊழியரே சில அளவுகளை எடுக்கிறார். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழ். இரு காலும் வீங்கியிருந்தால் 16 அல்லது அதற்குக் கீழ். மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல். ரத்தத்தில் ஆக்ஸிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ். பிடிமானமின்றி நிற்க முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் உயிராபத்தில் இருப்பவராகக் கருதப்பட்டு, மேல் பரிசோதனைக்கும் மருத்துவமனையில் சேர்க்கவும் அனுப்பப்படுகிறார். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், காசநோயாளிகளுக்கு மருந்தோடு உணவுப் பொருளும் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைந்திருந்தது. நாற்பது கிலோ இருப்பவருக்கு அந்த ஐந்து சதவீதம் இரண்டே கிலோ. ஒவ்வொரு முறை மாத்திரை வாங்க வரும்போதும் அவரை எடை மெஷினில் ஏற்றிப் பார்ப்பது அந்த இரண்டு கிலோவுக்காகத்தான்.